குடி தந்த அரசும் தாள் தந்த பட்டமும்

(நரிக்குடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சிவகங்கை அரசும் அதன் ஆட்சியாளரும்’ என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நரிக்குடியில் நின்றுகொண்டு சிவகங்கையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் எவரும் கேட்கமாட்டீர்கள். இதோ அருகிலிருக்கும் முக்குளமே மருதிருவர் பிறந்த ஊர். பெரிய மருது 1748-ஆம் ஆண்டிலும் சின்ன மருது 1753-ஆம் ஆண்டிலும் பிறந்தனர் என்பது வழங்கிவரும் கணக்கு. அவர்கள் பெயரால் வழங்கும் சத்திரம் இந்த நரிக்குடியிலேயே இருக்கின்றது. வானம் பார்த்த மண்ணும் பனையும் கண்மாயுமாக விரிந்து கிடக்கும் இந்த வறண்ட நிலம், ஆங்கிலப் பேரரசை அசைத்துப் பார்த்த இருவரை ஈன்ற நிலம். ஆகையால் சிவகங்கையின் வரலாறு உங்களுக்கு அயலூர் வரலாறு அன்று.

அரசர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்துவிட்டு அமர்ந்துவிட நான் வரவில்லை. ஒரே ஒரு வினாவை எழுப்பி, அதற்கு இச்சிறிய அரசின் வரலாற்றிலிருந்து விடை காண வந்திருக்கின்றேன். ஓர் அரசனை அரசனாக்குவது எது? குருதிவழியா? கையிலுள்ள வாளா? வெள்ளையன் முத்திரையிட்டுக் கொடுத்த தாளா? அன்றி, அவ்வரசின்கீழ் வாழும் குடியா? 1730-ஐ ஒட்டித் தோன்றி 1801-இல் வீழ்ந்த இவ்வரசின் எழுபது ஆண்டு வாழ்க்கையில் இந்நான்கு விடைகளும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கப்பட்டன.

ஐந்தில் இரண்டு

சிவகங்கை, சேதுபதிகள் ஆண்ட மறவர் நாட்டிலிருந்து பிரிந்த அரசு. கிழவன் சேதுபதி காலத்தில் முகவை அரசு, மதுரை நாயக்கர் பிடியிலிருந்து விலகித் தன்னுரிமை பெற்று ஓங்கி நின்றது. அவ்வரசின் கீழ் நாலுகோட்டையில் பெரிய உடையாத்தேவர் என்பவர் படையோடு இருந்தார். அவர் மகன் சசிவர்ணருக்கு விசய இரகுநாத சேதுபதி தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணம்செய்து கொடுத்தார்.

1725-இல் அச்சேதுபதி மறைந்தபின் அரியணைப் பூசல் எழுந்தது. பவானி சங்கரர் முகவையைக் கைப்பற்றினார். அவரால் ஒதுக்கப்பட்ட கட்டையத்தேவரும் சசிவர்ணரும் தஞ்சை மராட்டிய அரசரின் துணையை நாடினர். வெற்றி கிடைத்தது, ஆனால் வெற்றிக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. வடக்கே ஒரு பகுதி தஞ்சைக்குப் போயிற்று. எஞ்சிய நாடு ஐந்து கூறாக்கப்பட்டது. மூன்று கூறு கட்டையத்தேவருக்கு. இரண்டு கூறு சசிவர்ணருக்கு. அவ்விரு கூறே சிவகங்கை நாடு. முன்னது பெரிய மறவர் நாடு எனவும், பின்னது சின்ன மறவர் நாடு எனவும் வழங்கப்பட்டன.

காட்டுவழியே சென்ற சசிவர்ணர், சிவகங்கை என்னும் ஊற்றருகே நாவல் மரத்தடியில் நோன்பிருந்த சாத்தப்பையா என்னும் துறவியைக் கண்டு, அவ்விடத்திலேயே தலைநகரும் தெப்பக்குளமும் அமைத்தார் என்பது பழவழக்கு. அந்த நாவல் மரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகின்றேன்.

இத்தோற்றத்திலேயே ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. உடன்பிறந்தார் பூசலைத் தீர்க்க வெளியாரை அழைத்தனர்; அழைத்தவர் நாடு அளவில் குறைந்தது. இந்நோய் 1730-இல் தொடங்கி 1801 வரை நம்மை விட்டு நீங்கவில்லை.

காளையார்கோயிலில் விழுந்த அரசன்

சசிவர்ணருக்குப்பின் 1750-ஐ ஒட்டி அவர் மகன் முத்துவடுகநாதர் ஆட்சிக்கு வந்தார். முகவைச் செல்லமுத்து சேதுபதியின் மகளாகிய வேலு நாச்சியார் அவருடைய அரசி. தாண்டவராய பிள்ளை தலைமை அமைச்சர்.

அந்நாளில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி கும்பினிக்குப் பெருங்கடன் பட்டிருந்தான். கடனை அடைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, தெற்கேயுள்ள அரசுகளிடம் திறை கேட்பது. கொடுத்தால் அடிமை, மறுத்தால் பகைவன். 1772-ஆம் ஆண்டு சூன் தொடக்கத்தில் முகவைக் கோட்டை வீழ்ந்தது. அடுத்துச் சிவகங்கை. கிழக்கிலிருந்து சோசப்பு சுமித்து என்னும் படைத்தலைவனும், மேற்கிலிருந்து பாஞ்சோர் என்பவனும் நெருங்கினர். சூன் 25-ஆம் நாள் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். இளைய அரசி கௌரி நாச்சியாரும் அவருடன் மாண்டார்.

வென்றவர்கள் செய்த ஒரு வேலையைக் கூர்ந்து நோக்குங்கள். சிவகங்கை என்னும் பெயரை நீக்கி ‘உசேன் நகர்’ என்று புதுப்பெயர் சூட்டினர். ஒரு மக்களின் நாட்டைப் பறிப்பவன் முதலில் அதன் பெயரைப் பறிக்கின்றான். வாளால் செய்ய முடியாததைச் சொல்லால் செய்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் குடிகள் அப்பெயரை ஏற்கவில்லை. இன்று உசேன் நகர் எங்கே? சிவகங்கையோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

எட்டாண்டுக் காத்திருப்பு

அரசன் இல்லை, கோட்டை இல்லை, கருவூலம் இல்லை. கையில் பெண்குழந்தை வெள்ளச்சி. இந்நிலையில் வேலு நாச்சியார் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். தாண்டவராய பிள்ளையும் மருதிருவரும் உடன் சென்றனர். மைசூரை ஆண்ட ஐதரலியிடம் படைத்துணை கேட்டுத் தாண்டவராயர் 1772-ஆம் ஆண்டின் இறுதியிலேயே மடல் எழுதினார். அம்மடலின் பயனைக் காண அவர் நெடுநாள் வாழவில்லை. அதன்பின் சுமை முழுவதும் மருதிருவர் தோளில் ஏறியது.

எட்டாண்டு! எட்டாண்டில் மக்கள் தம் பழைய அரசை மறந்திருக்கலாம். புதிய ஆண்டைக்குப் பழகியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. 1780-இல் ஐதரலியின் துணையோடு வேலு நாச்சியார் திரும்பி வந்தபோது நாடு அவரைத் தன் அரசியாகவே ஏற்றுக்கொண்டது. தன் உடலில் தீமூட்டிக்கொண்டு பகைவரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்த குயிலியை மக்கள் வழக்கு இன்றும் போற்றுகின்றது.  எந்தக் கும்பினியும் முத்திரை குத்தவில்லை. குடிகள் ஏற்றனர், அரசி ஆனார். நான் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இதுவே தெளிவான முதல் விடை. 1796-இல் மறையும் வரை அவ்வம்மையாரின் பெயரே அவ்வரசின் பெருமையாய் இருந்தது.

அரசராகாத ஆட்சியாளர்

இப்போது முக்குளத்துப் பிள்ளைகளிடம் வருகின்றேன். அரசு மீண்டபின் பெரிய மருது படைத்தலைவர் ஆனார். சின்ன மருது தலைமை அமைச்சர் ஆனார். வெள்ளச்சி நாச்சியாரை மணந்த வேங்கன் பெரிய உடையாத்தேவர் அரியணையில் இருந்தார். ஆட்சியை நடத்தியவர் சின்ன மருதுவே. காளையார்கோயில் பெருங்கோபுரமும் குன்றக்குடித் திருப்பணியும் அவர்கள் காலத்துப் பணிகள்.

அவர்களுடைய ஆட்சி எத்தகையது என்பதற்குப் பகைவனே சான்று. சேம்சு வெல்சு என்னும் ஆங்கிலப் படையாளர் தம் படைவாழ்க்கை நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். மருதிருவரோடு நட்பாய்ப் பழகி, பின்னர் அவர்களை எதிர்த்தே போரிட்டவர் அவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவர் எழுதுகின்றார். சிறுவயலில் சின்ன மருதுவின் மாளிகைக்குக் காவல் இல்லை என்றும், விரும்பியவர் உள்ளே போகவும் வரவும் வாயில் திறந்தே கிடந்தது என்றும், மக்கள் அவரைத் தந்தையாகவே கருதி வாழ்த்தினர் என்றும் குறித்து வைத்திருக்கின்றார். வாயிலில் வேல் தாங்கிய காவலன் இல்லாத ஆட்சியாளன் யாருக்கு அஞ்சாதவன்? தன் குடிக்கு அஞ்சாதவன். தன் குடிக்கு அஞ்சாதவனே குடியால் ஆக்கப்பட்டவன்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அரசர் பெயரளவில் இருக்க, அமைச்சரே ஆளுவதை அரச குடும்பத்தார் அனைவரும் விரும்பவில்லை. படமாத்தூர்க் கௌரி வல்லபர் என்பவர் மருதிருவரோடு மாறுபட்டு, அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கியிருந்தார். இந்தப் பிளவைத்தான் கும்பினி பிறகு பயன்படுத்திக்கொண்டது.

இரண்டு அறிக்கைகள்

1799-ஆம் ஆண்டு அத்தோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் மீண்டும் எழுந்தது. மே திங்களில் மீண்டும் வீழ்ந்தது. ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்தவர் மருதிருவர். தந்தால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே தந்தனர்.

அவ்வாண்டு சூன் திங்களில் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ‘சம்புத் தீவு’ மக்களை நோக்கி அது பேசுகின்றது. சம்பு என்பது நாவல். நம் முன்னோர் வழங்கிய நாவலந்தீவு என்பதன் வடமொழி வடிவமே அது. சசிவர்ணர் கண்ட நாவல் மரத்தடியில் ஓர் ஊருக்குத் தலைநகர் கிடைத்தது; எழுபது ஆண்டு கழித்து அவ்வரசின் அமைச்சர் நாவலந்தீவு முழுமைக்குமாகக் குரல் கொடுத்தார். சிறிய நாடு என்பதால் சிந்தனையும் சிறியதாய் இருக்கவேண்டும் என்பது இல்லை.

அவ்வறிக்கை ஒரு குலத்தாரை மட்டும் அழைக்கவில்லை. எல்லாக் குலத்தாரையும், முகம்மதியரையும் சேர்த்தே அழைத்தது. அதன் அடியில் சின்ன மருது தம்மை அரசர் என்று எழுதிக்கொள்ளவில்லை. அரசர்களின் ஊழியன் என்றே எழுதிக்கொண்டார். ஆளும் ஆற்றல் இருந்தும் அரசர் பட்டம் சூடாதவர் அவர்.

கும்பினியும் வாளா இருக்கவில்லை. அதுவும் அறிக்கை விட்டது. அதன் சாரம் என்ன? ‘மருதுகள் முறையான ஆட்சியாளர் அல்லர், வேலைக்காரர்களாய் இருந்து ஆட்சியைக் கவர்ந்தவர்கள், கௌரி வல்லபரே முறையான உரிமையாளர்’ என்பதே. அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! ஏழு கடலுக்கு அப்பாலிருந்து மிளகு வாங்க வந்தவன், சிவகங்கையில் முறையான ஆட்சியாளர் யார் என்று தீர்ப்புச் சொல்கின்றான்! இரண்டு அறிக்கைகள்; இரண்டு விடைகள். ஒன்று குடிகளை நோக்கிப் பேசிற்று. மற்றொன்று குருதிவழியைக் காட்டிக் குடிகளைப் பிளந்தது.

சோழபுரமும் திருப்பத்தூரும்

போர் தொடங்கியது. சிறுவயலைப் பகைவர் கையில் விடாமல் தீக்கிரையாக்கிவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் மருதிருவர் படையை நடத்திச் சென்றனர். காட்டை வெட்டி வழி உண்டாக்க ஆங்கிலப் படை ஒக்கூர்ப் பக்கமிருந்து ஒரு திங்கள் அளவு பாடுபட்டது, நாள்தோறும் தாக்குண்டது, முடியாமல் பின்வாங்கியது. வாளால் முடியாததை முடிக்க, செப்தெம்பர் 12-ஆம் நாள் சோழபுரத்தில் கௌரி வல்லபருக்குக் கும்பினி பட்டம் சூட்டியது. அந்நாள் தொட்டு நாட்டில் இரண்டு அரசு. மக்கள் மனத்தில் இரண்டு வழி. மருதுவின் படையில் விரிசல். அத்தோபர் 1-ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானின் உதவி இப்போரில் யாருக்குக் கிடைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழனை வீழ்த்தத் தமிழனே தோள் கொடுத்தான்.

1801-ஆம் ஆண்டு அத்தோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூர்க் கோட்டையில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய மக்களும் உறவினரும் பலர் கொல்லப்பட்டனர். வேங்கன் பெரிய உடையாத்தேவரும், சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைச்சாமியும், அவர்களோடு எழுபதின்மர் அளவினரும் 1802-ஆம் ஆண்டு பெப்ருவரியில் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். பல்லாண்டு கழித்து, 1818-இல், பினாங்குத் தீவில் வெல்சு அந்தத் துரைச்சாமியைக் கண்டார். இளமையிலேயே முதுமை எய்தி, நலிந்து நின்ற அவ்விளைஞனை முதலில் தம்மால் அடையாளம் காண முடியவில்லை என்று அவர் எழுதியிருக்கின்றார். தூக்குக் கயிறு ஒருநாள் வேலை. நாடுகடத்தல் ஒவ்வொரு நாளும் நடக்கும் தூக்கு.

நாடு நிலமான விந்தை

இனித்தான் நான் சொல்லவந்த செய்தியின் நடுக்கூறு. போர் முடிந்தது, தாள் தன் வேலையைத் தொடங்கியது.

1803-இல் கௌரி வல்லபருக்குக் கும்பினி ‘சனது’ வழங்கியது. அதன்படி அவர் ‘இசுதிமிரார் சமீன்தார்’ ஆனார். இச்சொற்களைப் பிரித்துப் பாருங்கள். சனது என்பது உரிமைத்தாள். இசுதிமிரார் என்றால் நிலையானது. சமீன் என்றால் நிலம். தார் என்றால் உடையவன். மூன்றும் அயற்சொற்கள். நாட்டை ஆண்டவன் நிலமுடையவன் ஆனான். ஆண்டுதோறும் குறித்த தொகையைக் கட்டவேண்டும். கட்டத் தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். படை வைத்துக்கொள்ள உரிமை இல்லை. போர் தொடுக்கவோ அமைதி பேசவோ உரிமை இல்லை. மாளிகை, பல்லக்கு, மேளம் எல்லாம் உண்டு; அரசு மட்டும் இல்லை.

1829-இல் கௌரி வல்லபர் மறைந்தார். ஆண்பிள்ளை இல்லை. அவருடைய தமையன் வழியினர் உரிமை கோரினர். மகள் வழியினரும் கோரினர். முப்பது ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் என்னும் மேல்முறைமன்றத்துக்கும் ஏறியது. 1863-இல் தீர்ப்பு வந்தது. மகளாகிய காத்தம நாச்சியார் வென்றார். சட்டம் படிப்போர் இன்றும் படிக்கும் புகழ்பெற்ற தீர்ப்பு அது.

ஒரு பெண் தன் உரிமையை நிலைநாட்டினார். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அத்தீர்ப்பு எந்த அடிப்படையில் நின்றது? சிவகங்கை, குடும்பத்தின் பொது உடைமை அன்று. கும்பினியின் கொடையாய் வந்ததால் கௌரி வல்லபர் தாமே தேடிக்கொண்ட தனி உடைமை. ஆகையால் தமையன் வழிக்குப் போகாது, மகள் வழிக்கே போகும் என்பது முறைமன்றத்தின் முடிவு. சசிவர்ணர் அமைத்த நாடு, முத்துவடுகநாதர் உயிர்விட்ட நாடு, வேலு நாச்சியார் மீட்ட நாடு, மருதிருவர் தூக்கேறிய நாடு, சட்டத்தின் கண்ணில் ஒருவர் தனித்துத் தேடிய உடைமை! அவ்வழக்கில் இரு தரப்பார் பேசினர். மூன்றாம் தரப்பாகிய குடிகளை எவரும் அழைக்கவில்லை. 1801-இல் எழுதப்பட்ட பொய், 1863-இல் சட்டமாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்முறை ஒழிக்கப்பட்டதோடு அத்தாளின் வலிமையும் முடிந்தது.

தாள் போய்விட்டது, அத்தாளின் சொற்கள் போகவில்லை. இன்றும் நாம் ‘சிவகங்கைச் சமீன்’ என்றே பேசுகின்றோம். நன்மனத்தோடு பேசுவோரும் ‘சிவகங்கைச் சீமை’ என்கின்றனர். 1959-இல் அப்பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. சீமை என்பது எல்லையைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. பிற்காலத்தில் அதே சொல் இங்கிலாந்தையும் குறித்தது. சீமைத்துணி, சீமையெண்ணெய், சீமைச்சாராயம்! நம் கண்மாய்க் கரைகளைப் பாருங்கள். எங்கிருந்தோ வந்த சீமைக்கருவேல், இந்த மண்ணின் மரஞ்செடிகளை ஒதுக்கிவிட்டு, கண்மாய்க்குள்ளும் இறங்கி நிற்கின்றது. வேர்விடும்வரை பார்த்திருந்தோம், இப்போது வெட்ட வெட்டத் தழைக்கின்றது. அயற்சொல்லும் அப்படித்தான். ‘சமீன்’ என்ற சொல் இருக்கும்வரை, அங்கு ஓர் அரசு இருந்தது என்னும் உண்மைக்கு இடமில்லை.

காசி மலையின் சான்று

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. நாவலந்தீவின் வடகிழக்கு மூலையில், இன்றைய மேகாலய மாநிலத்தில், காசியர் என்னும் மலைமக்கள் வாழ்கின்றனர். கங்கைக்கரைக் காசிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் மொழி தனி; குடிவழி தாய்வழி. சிவகங்கையைவிடச் சிறிய அரசுகளாக இருபத்தைந்து அரசுகள் இவர்களிடம் இருந்தன. அரசனுக்குச் ‘சியெம்’ என்று பெயர். சியெமின் மகன் அடுத்த சியெம் ஆவதில்லை. பொதுவாக உடன்பிறந்தாள் மகனுக்கே அவ்வுரிமை. அதுவும் குலத்தலைவர்கள் கூடித் தேர்ந்தால்தான் உண்டு. நிலம் குலங்களுக்கும் குடிகளுக்கும் உரியது. சியெம் நிலவரி வாங்குவதில்லை. சந்தைச் சுங்கமே அவன் வருவாய்.

அவ்வரசுகளுள் ஒன்று நோங்கலாவு. அசாமுக்கும் வங்காளத்துக்கும் இடையே மலைவழியே பாதை போட விரும்பிய தேவிட்டு சுகாட்டு என்னும் கும்பினி அலுவலர், 1826-இல் அந்நாட்டுச் சியெமாகிய திரோத்து சிங்கை அணுகினார். சியெம் தானே ஒப்பவில்லை, அவையைக் கூட்டினார். வழக்காடி ஆய்ந்தபின்னரே அவை இசைந்தது. பாதை வந்தது, பாதையோடு படையும் வரியும் வரும் என்பது பிறகு புரிந்தது. 1829 ஏப்பிரலில் திரோத்து சிங் எழுந்தார். வில்லும் வாளும் கொண்டு நான்காண்டு காட்டுப்போர் நடத்தினார். 1833-இல் பிடிபட்டு, 1835-இல் தாக்காவில் சிறைக்காவலிலேயே மாண்டார். அதன்பின் காசிச் சியெம்களுக்கும் ஆங்கிலேயர் சனது எழுதித் தரத் தொடங்கினர். அவை தேர்ந்தாலும் ஆங்கிலேயன் ஒப்பவேண்டும் என்னும் நிலை வந்தது.

மருதுவுக்கும் திரோத்துக்கும் இடையே ஆயிரங்கல் தொலைவு. மொழி வேறு, மரபு வேறு. ஆனால் இருவர் நாட்டையும் கட்டிய கயிறு ஒன்றே. முதலில் நட்பு, பிறகு பாதையோ திறையோ, பிறகு படை, முடிவில் தாள். காசியர் தங்கள் அவைமுறையை முற்றும் விட்டுவிடவில்லை. சியெம் என்னும் சொல்லையும் விட்டுவிடவில்லை. தம் சொல்லால் தம் அரசனை அழைக்கும் மக்களுக்குத் தம் வரலாறு கையில் இருக்கின்றது. நாமோ அரசனைப் பாரசீகச் சொல்லால் அழைத்துவிட்டு, வரலாறு எங்கே என்று தேடுகின்றோம்.

நாம் செய்யவேண்டியவை

அன்பர்களே, கைதட்டிக் கலைவதற்கு நாம் கூடவில்லை. மூன்று வேலைகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, சொல்லைத் திருத்துங்கள். 1730 முதல் 1801 வரை இருந்தது சிவகங்கை அரசு. 1803 முதல் இருந்தது சமீன். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ‘சமீன்தாரிணி வேலு நாச்சியார்’ என்று எவரேனும் சொன்னால் அங்கேயே திருத்துங்கள். அவர் அரசி. ‘பாளையக்காரர் கலகம்’ என்று எவரேனும் எழுதினால், அது விடுதலைப்போர் என்று மறுத்தெழுதுங்கள். தன் வீட்டைக் காப்பவன் செய்வது கலகம் ஆகாது.

இரண்டாவது, சான்றைக் காப்பாற்றுங்கள். இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் செப்பேடு, ஓலை, பழைய நிலக்கணக்கு ஆகியவை எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கலாம். கரையானுக்கும் பழம்பொருள் வணிகனுக்கும் அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். படித்தறியக் கூடியவர்களிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். சத்திரத்துக் கல்லையும் கண்மாய் மடைக் கல்லையும் பெயர்த்துப் படிக்கட்டுக்கு வைக்காதீர்கள். கும்பினி எழுதிய தாள்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் பூட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. நம் பக்கத்து எழுத்து மட்டும் மழையில் நனைவதா?

மூன்றாவது, இதுவே கடினமானது. மருதிருவரைச் சாதிக்குள் அடைக்காதீர்கள். அவர்கள் நினைவுநாளில் சுவரொட்டிகள் ஒட்டுகின்றோம், ஊர்திகளில் விரைகின்றோம். ஒவ்வொரு சுவரொட்டியின் அடியிலும் ஒரு சாதியின் பெயர் இருக்கின்றது. வேலு நாச்சியார் ஒரு பிரிவாருக்கு, மருதிருவர் இன்னொரு பிரிவாருக்கு, ஊமைத்துரை வேறொரு பிரிவாருக்கு, குயிலி மற்றொரு பிரிவாருக்கு என்று பங்கு போட்டுவிட்டோம். 1730-இல் நாட்டை ஐந்து கூறாக்கினர். இன்று ஈகியரையே கூறு போடுகின்றோம். சின்ன மருதுவின் அறிக்கை எல்லாக் குலத்தாரையும் அழைத்தது. கும்பினியின் அறிக்கைதான் ‘இவன் பிறப்பு என்ன, அவன் வழி என்ன’ என்று கேட்டது. அத்தோபர் 24-ஆம் நாள் மாலையிட வருவோர், தாம் எந்த அறிக்கையின் பக்கம் நிற்கின்றோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். பிறப்பைப் பார்த்து மருதுவைப் போற்றுகின்றவன், அறியாமலே கும்பினியின் அறிக்கையில் கையெழுத்திடுகின்றான்.

ஓர் அரசனை அரசனாக்குவது எது என்று கேட்டேன். குருதிவழி கும்பினிக்குக் கருவியாயிற்று. வாள் ஒருநாள் தோற்றது. தாள் 1948-இல் செல்லாததாயிற்று. குடிகளின் ஏற்பு மட்டும் இன்னும் நிற்கின்றது. பட்டம் சூட்டப்பட்டவர் பெயரை ஏடு புரட்டித்தான் காணவேண்டியிருக்கின்றது. பட்டம் சூடாத மருதிருவர் பெயரை இந்நாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் சொல்கின்றது. குடி என்னும் சொல்லிலிருந்தே குடிமை பிறந்தது, குடியரசு பிறந்தது. உங்கள் ஊர்ப்பெயரிலும் அச்சொல்லே நிற்கின்றது. அதன் பொருளை உணர்ந்து வாழ்வதும், வரலாற்றை நம் சொல்லால் நாமே எழுதுவதும் உங்கள் கடமை.

வாழ்க தமிழ்! ஓங்குக மருதிருவர் புகழ்!